ஏணியில் எந்தப் படி? பார்க்கும் வேலையும் வாழ்க்கைத் திருப்தியும்

எதிர்வீட்டு அக்கா ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறார். போன மாதம் அவருக்கு வார லீவு விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமை, வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டேன்.

“ஒரு ஏணி இருக்குன்னு வெச்சுக்கோங்கக்கா. அடிப்படி பூஜ்ஜியம், உச்சிப்படி பத்து. உங்களுக்கு அமையக்கூடியதுலயே ரொம்ப நல்ல வாழ்க்கை பத்துல இருக்கு. ரொம்ப மோசமான வாழ்க்கை பூஜ்ஜியத்துல இருக்கு. இப்ப நீங்க எந்தப் படியில நிக்கறீங்க?”

“நிக்கறதா? அதான் நாள் பூரா நிக்கறேனே” என்று முதலில் சிரித்தார். பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “லீவு நாள்ல கேட்டா ஏழு சொல்வேன். கடைக்கு வந்து கேட்டா நாலு.”

இந்தக் கேள்வி நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. ஹாட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-இல் முன்வைத்த ஏணி இது. கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 2005-லிருந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், நாட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் இதே கேள்வியைக் கேட்டுவருகிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் செய்தித்தாளில் “மகிழ்ச்சியான நாடுகளின் பட்டியல்” என்று வருகிறதே, அதற்கு அடிப்படை இந்த ஏணிதான். மூன்று வருஷப் பதில்களைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். பின்லாந்து 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு முறை முதலிடம். அதன் சராசரி 7.7 அளவில் இருக்கிறது. 2025 அறிக்கையில் இந்தியாவுக்கு 118-வது இடம்.

பட்டியல் வந்ததும், “பின்லாந்துக்காரன் சிரிக்கவே மாட்டான், அவன் எப்படி முதலிடம்?” என்று பலர் கேட்பார்கள். ஏணிக் கேள்வி சிரிப்பை அளப்பதில்லை. இன்று மனசு லேசாக இருக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா என்பது ஒரு விஷயம். மொத்தத்தில் என் வாழ்க்கை எனக்குச் சரியாக அமைந்திருக்கிறதா என்று நின்று யோசித்துச் சொல்வது வேறு விஷயம். இரண்டாவதைத்தான் வாழ்க்கைத் திருப்தி என்கிறோம். அக்காவின் பதிலில் இரண்டும் கலந்திருந்தன. ஆனால் ஏழுக்கும் நாலுக்கும் நடுவே மூன்று படி இறங்குவது வெறும் மனநிலைக் கோளாறு இல்லை. அவர் கணவர் அதே கணவர், வீடு அதே வீடு, சம்பளம் அதே சம்பளம். மாறுவது ஒன்றுதான்: அன்றைக்கு அவருடைய நேரம் யார் கையில் இருக்கிறது என்பது.

நாட்டுக்கு நாடு வேலை எப்படி இருக்கிறது, அது மக்களின் திருப்தியை எப்படி ஏற்றி இறக்குகிறது என்று படிக்கப் படிக்க, நான் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

வேலையே இல்லாவிட்டால்?

வேலை இவ்வளவு படுத்துகிறதென்றால் வேலை இல்லாமல் இருப்பது சுகமாக இருக்க வேண்டும். இதை ஒரு ஊரே அனுபவித்துப் பார்க்க நேர்ந்தது.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தெற்கே மரியன்தால் என்றொரு ஆலைக் கிராமம். ஊர் முழுக்க ஒரே துணி ஆலையை நம்பிப் பிழைத்தது. 1929-30-இல் பொருளாதாரம் சரிந்தபோது ஆலை மூடிவிட்டது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் ஆய்வுக்குழு 1931 கடைசியில் அங்கே போய் இறங்கியது. 478 குடும்பங்கள். என்ன சமைக்கிறார்கள், குழந்தைகள் டப்பாவில் என்ன கொண்டுபோகிறார்கள், நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தார்கள்.

குறைந்த வேலை நேரத்துக்காகப் போராடியவர்கள் இந்த ஆலைத் தொழிலாளர்கள். ஓய்வு கிடைத்தால் படிக்கலாம், சங்கத்துக்குப் போகலாம் என்று ஏங்கியவர்கள். இப்போது இருபத்து நான்கு மணி நேரமும் அவர்களுடையது. ஊர் நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணத்தையும் நிறுத்திவிட்டார்கள். அப்படியும் எடுத்துப் போகும் புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டே வருஷத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஊரின் பிரதான தெருவில் மறைவாக நின்றுகொண்டு, அதன் வழியே போகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய முந்நூறு மீட்டர் தூரம். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் அந்தத் தூரத்துக்குள் இரண்டு முறையாவது நின்றுவிட்டார்கள். நிற்காமல் போய்ச் சேர்ந்தவர் பத்துக்கு ஒருவர். போக வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால்தானே கால் விரையும்? நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னபோது எழுந்ததையும் சாப்பிட்டதையும் படுத்ததையும் தவிர பலருக்கு எதுவும் நினைவில்லை. காலை நேரத்துக்கு ஒருவர் எழுதிய வரி: “அதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது.”

பெண்கள் மட்டும் விறுவிறுவென்று நடந்தார்கள். சமையல், துவையல், கிழிசல் தைப்பது, குறைந்த காசில் குடும்பத்தை ஓட்டுவது என்று அவர்களுக்கு நாள் போதவில்லை. அவர்களுக்குக் கூலிதான் நின்றது, வேலை நிற்கவில்லை என்று அந்த ஆய்வு சொல்கிறது. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. இன்றைக்கு எந்த ஊருக்கும் பொருந்துகிறது.

யஹோடா பிற்பாடு இதையெல்லாம் யோசித்து, வேலை சம்பளத்தோடு சேர்த்து வேறு சிலவற்றையும் தருகிறது என்றார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே நாலு மனிதரோடு பழக்கம், பலர் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், “நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில், கையும் மனசும் சும்மா இல்லாமல் இருப்பது. சம்பளம் நமக்குத் தெரிந்து கிடைப்பது. மற்றவை கிடைப்பதே தெரியாது, பறிபோனால்தான் தெரியும். “உத்தியோகம் புருஷ லட்சணம்” என்று நம்மூரில் சொல்லிவைத்தார்கள். அதில் புருஷனை மட்டும் எடுத்துவிட்டால் யஹோடா சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு சந்தேகம் வரும். திருப்தியாக இருப்பவர்களுக்கு வேலை எளிதில் கிடைக்கிறதோ, சோர்ந்திருப்பவர்களுக்குக் கிடைக்கவில்லையோ? எது காரணம், எது விளைவு? இதற்குப் பதில் தேட ஒரே ஆளை வருஷக்கணக்கில் தொடர வேண்டும். ஜெர்மனியில் 1984-லிருந்து அப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. அதே குடும்பங்களிடம் வருஷா வருஷம் போய், வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்கிறார்கள். கல்யாணம் ஆனால் திருப்தி ஏறுகிறது, சில வருஷத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. துணையை இழந்தால் கடுமையாக விழுகிறது, ஆனால் காலப்போக்கில் பெரும்பாலும் மீள்கிறது. வேலை இழப்பு அப்படி இல்லை. வேறு வேலை கிடைத்த பிறகும் பழைய படிக்குப் பலர் முழுசாகத் திரும்புவதில்லை. வருமானக் குறைவை மட்டும் வைத்து இந்த விழுகையை விளக்க முடியவில்லை.

நிரந்தர வேலை, பென்ஷன், ஆனாலும் மாரடைப்பு

அடுத்து லண்டன். வைட்ஹால் என்பது பிரிட்டிஷ் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெரு. நம் கோட்டை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 1967-இல் அங்கே வேலைபார்த்த ஏறக்குறைய 18,000 ஆண்களின் உடல்நலத்தைத் தொடரத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் அரசு வேலை. எல்லாருக்கும் பென்ஷன். இலவச மருத்துவம் நாட்டில் எல்லாருக்கும் உண்டு. பட்டினி கிடப்பவர் யாரும் இல்லை.

அந்தக் காலத்துப் பொது நம்பிக்கை என்ன? மாரடைப்பு பெரிய அதிகாரிகளுக்கு வரும் வியாதி. பொறுப்பு அதிகம், டென்ஷன் அதிகம். கணக்கு நேர் எதிராக வந்தது. இதயநோயால் இறப்பது மேல்நிலை அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் மூன்று மடங்குக்கும் மேல். படிப்படியாக, ஒவ்வொரு பதவி இறங்க இறங்க, ஆபத்து ஏறியது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இந்த முறை பெண்களும் சேர்த்து 10,308 பேர். அதில் தெளிவானது: தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் சொல்வாக்கு இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம். வேலையின் பளு மட்டும் ஆளைக் கொல்வதில்லை.

இதற்குச் சில வருஷம் முன்பே, 1979-இல், ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் ஒரு எளிய விளக்கம் கொடுத்திருந்தார். ஆரம்பநிலை வாசகர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும். எந்த வேலையைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, வேலை உங்களை எவ்வளவு நெருக்குகிறது? இரண்டு, அந்த நெருக்கடியைச் சமாளிக்க உங்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது?

கல்யாண மண்டபத்துத் தலைமைச் சமையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி ஆயிரம் இலைக்குச் சமைக்கிறார். நெருக்கடிக்குக் குறைவே இல்லை. ஆனால் சாம்பாரை முதலில் இறக்குவதா கூட்டை முடிப்பதா, யாரைத் தேங்காய் துருவச் சொல்வது, உப்பு போதுமா என்பதெல்லாம் அவர் தீர்ப்பு. பந்தி முடிந்ததும் களைத்துப்போய்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாலும் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். இப்போது கால்சென்டரில் இருக்கும் பையனைப் பாருங்கள். அவனுக்கும் நெருக்கடிதான். என்ன பேச வேண்டும் என்பது எழுதித் தரப்பட்டிருக்கிறது. ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்கு. பாத்ரூம் போனால் கம்ப்யூட்டரில் “பிரேக்” என்று பதிவாகிறது. திட்டுகிற வாடிக்கையாளரிடம் போனை வைக்கவும் உரிமையில்லை, அவர் பிரச்சினையைத் தீர்க்கவும் அதிகாரமில்லை. நெருக்கடி அதிகம், உரிமை குறைவு. ஆளை அரிக்கும் சேர்க்கை இதுதான் என்றார் கராசெக். பின்னால் வந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: தோள் கொடுக்கும் சக ஊழியரும், காது கொடுத்துக் கேட்கும் மேலாளரும் இருக்கிறார்களா என்பது.

பணிச்சூழல் என்றால் ஏசி, ஃபேன், கேன்டீன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது என் முதல் வேலை நினைவுக்கு வந்தது. ஏசி எலும்பைத் துளைக்கும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு சூப்பர்வைசர் நாற்காலிப் பக்கம் வருவார். அன்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரியும். அம்மா “சாப்பாடு எடுத்து வைக்கவா?” என்று போன் செய்தால் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பேன். சம்பளம் நன்றாகத்தான் வந்தது. இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டேன்.

ஒரே வேலை, நாடு வேறு

ஒரு ஆள், ஒரு அலுவலகம் என்ற அளவில் பார்த்தது போதும். நாடு என்று வரும்போது சட்டம், சங்கம், வேலை போனால் தாங்கிப் பிடிக்கும் வலை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

டென்மார்க் எனக்கு மிகவும் வியப்பான உதாரணம். அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று கிடையாது. ஆளை வேலையை விட்டு எடுப்பதும் ஐரோப்பாவின் பல நாடுகளைவிடச் சுலபம். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் மூன்றில் இரண்டு பங்குத் தொழிலாளர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். கூலி, வேலை நேரம், லீவு எல்லாவற்றையும் சங்கமும் முதலாளிகள் அமைப்பும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கின்றன. வழக்கமான வாரம் 37 மணி நேரம். வருஷத்துக்கு ஐந்து வாரம் லீவு. வேலை போனால், வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் சேர்ந்திருப்பவருக்கு ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு முந்தைய சம்பளத்தில் 90 சதவீதம்வரை, இரண்டு வருஷத்துக்குக் கிடைக்கும். கூடவே புதுத் தொழிலுக்குப் பயிற்சி.

இதனால் என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். வேலை போய்விடுமோ என்று நடுங்குகிற ஒருவர் சூப்பர்வைசர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வா என்றால் வருவார். போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவர், “இது சரிப்படாது” என்று வாய்விட்டுச் சொல்வார். வாய்விட்டுச் சொல்ல முடிந்த இடத்தில் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. டேனிஷ் மொழியில் “ஆர்பைட்ஸ்க்லேத” என்று ஒரு சொல் உண்டு. வேலை செய்வதில் கிடைக்கும் சந்தோஷம் என்று பொருள். அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல் அது. 2025 பட்டியலில் டென்மார்க் இரண்டாமிடம்.

பின்லாந்தில் 2020-இல் நடைமுறைக்கு வந்த வேலை நேரச் சட்டப்படி, முழுநேர ஊழியர்களில் பெரும்பாலோர் தங்கள் நேரத்தில் குறைந்தது பாதியை எங்கே, எப்போது செய்வது என்பதை முதலாளியோடு பேசித் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை ஏறக்குறைய 2,500 பேருக்குச் சம்பளத்தைக் குறைக்காமல் வாரத்துக்கு 40 மணியை 35, 36 ஆக்கிப் பார்த்தார்கள். கூட்டங்களைக் குறைத்தார்கள், ஷிப்டுகளை மாற்றி அமைத்தார்கள். வேலை கெடவில்லை, ஆட்களின் சோர்வு குறைந்தது.

கிழக்கே திரும்பினால் ஜப்பான். “கரோஷி” என்றால் அதிக வேலையால் சாவு. சாவுக்கு அப்படி ஒரு பெயர் வைக்கும் அளவுக்கு அது நடந்தது. 2018-இல் நிறைவேறிய சட்டம் ஓவர்டைமுக்கு மாதம் 45 மணி, வருஷத்துக்கு 360 மணி என்று பொது வரம்பு விதித்தது. விசேஷக் காரணம் இருந்தால் ஒரு மாதத்தில் நூறு மணிக்குள் போகலாம் என்றும் இடம் விட்டது. லீவு இருந்தும் யாரும் எடுப்பதில்லை என்பதால், வருஷத்தில் ஐந்து நாளாவது ஊழியரை லீவு எடுக்கவைப்பது முதலாளியின் கடமை என்று எழுத வேண்டியிருந்தது. சக ஊழியர்கள் இருக்க நான் மட்டும் எழுந்து போவதா என்ற கூச்சம் சட்டத்தைவிட வலிமையானது. தென்கொரியா 2018-இல் வார உச்சவரம்பை 68-லிருந்து 52 மணியாக இறக்கியது. 2023-இல் அதை 69 வரை தளர்த்த அரசு யோசித்தபோது இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள், திட்டம் பின்வாங்கப்பட்டது. இரண்டும் பணக்கார நாடுகள். இரண்டும் ஏணிப் பட்டியலில் ஐம்பதைத் தாண்டித்தான் நிற்கின்றன. நடுப்படியைச் சொல்வதே அடக்கம் என்ற பழக்கமும் அங்கே பதிலைக் கொஞ்சம் கீழே இழுக்கிறது, அதையும் மறக்கக் கூடாது.

மணிக்கணக்கு மனசை மட்டும் பாதிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பதால் 2016 ஒரே வருஷத்தில் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இதயநோயிலும் இறந்தார்கள்.

அப்படியானால் குறைந்த நேரம் வேலை செய்யும் நாடெல்லாம் மேலே, அதிக நேரம் உழைக்கும் நாடெல்லாம் கீழே என்று முடித்துவிடலாமா? முடியாது. மெக்சிகோ குறுக்கே நிற்கிறது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட கூட்டமைப்பான ஓஇசிடியில் மிக அதிக நேரம் உழைப்பவர்களில் மெக்சிகோக்காரர்களும் அடக்கம்: ஆளுக்கு வருஷம் 2,200 மணியளவில். ஜெர்மனியில் 1,340 அளவில். எட்டு மணி நேர நாளாகப் பார்த்தால் நூறு நாளுக்கும் மேல் வித்தியாசம். சேர்ந்த முதல் வருஷத்துக்குச் சட்டப்படியான லீவு மெக்சிகோவில் வெறும் ஆறு நாளாக இருந்து, 2023-இல்தான் பன்னிரண்டு ஆனது. அப்படியிருந்தும் 2025 பட்டியலில் மெக்சிகோ பத்தாமிடம். ஜெர்மனி இருபத்திரண்டாமிடம்.

மெக்சிகோவில் குடும்பங்கள் பெரியவை. நாலைந்து பேர் சேர்ந்து வாழ்வதும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் அங்கே சாதாரணம். வேலை பறித்துக்கொள்வதை வீடு ஓரளவு திருப்பித் தருகிறது. இதைக் காட்டி, “பார்த்தீர்களா, அதிகம் உழைத்தாலும் சந்தோஷமாக இருக்கலாம்” என்று சில முதலாளிகள் பேசலாம். தவறு. ஒரு நாட்டின் திருப்தியில் வேலை ஒரு பங்கு. உறவு, உடல்நலம், நம்பகமான அரசு, ஊழலின் அளவு எல்லாம் மற்ற பங்குகள். மெக்சிகோத் தொழிலாளி களைப்பில்லாமல் வீடு திரும்பினால் அந்தச் சாப்பாட்டு மேசை இன்னும் கலகலப்பாகத்தான் இருக்கும். வார நேரத்தைக் குறைக்கச் சொல்லி அங்கேயும் போராட்டம் நடந்திருக்கிறது.

சொந்தத் தொழில் என்றால் சுதந்திரமா?

நேரம் நம் கையில் இருப்பதுதான் சாரம் என்றால் சொந்தத் தொழில் செய்பவர்கள் எல்லாரும் மேல்படியில் இருக்க வேண்டும். பணக்கார நாடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. சம்பளக்காரர்களைவிட அவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு அதிக மதிப்பெண் போடுகிறார்கள், கவலையும் பதற்றமும் கூடவே அதிகம் இருந்தாலும். ஏழை நாடுகளில் அப்படி வருவதில்லை.

காரணம் நம் தெருவிலேயே இருக்கிறது. இந்தியாவில் வேலைபார்ப்பவர்களில் பாதிக்கு மேல் கணக்கில் “சுயதொழில்” செய்பவர்கள். தள்ளுவண்டியில் பழம் விற்பவர், வீட்டில் பீடி சுற்றுபவர், கடன் வாங்கி ஆட்டோ ஓட்டுபவர் எல்லாரும் அதில் அடக்கம். அவர்களுக்கு முதலாளி இல்லை என்பது காகிதத்தில்தான். தண்டல்காரர் முதலாளி, மழை முதலாளி, போலீஸ்காரரின் லத்தி முதலாளி. ஒருநாள் படுத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. விரும்பித் தொடங்கிய தொழிலும், வேறு கதியில்லாமல் இறங்கிய தொழிலும் கணக்கெடுப்பில் ஒரே கட்டத்தில் விழுகின்றன. உலகம் முழுக்க இருநூறு கோடிப் பேர், அதாவது வேலைபார்ப்பவர்களில் அறுபது சதவீதம், எழுத்துப்பூர்வமான பாதுகாப்பு எதுவும் இல்லாமல்தான் உழைக்கிறார்கள். உலகளவில் மேலாளர்களும் அதிகாரிகளும் ஏணியில் ஆறைக் கொஞ்சம் தாண்டிச் சொல்கையில், விவசாயம், மீன்பிடி, காட்டு வேலை செய்பவர்கள் நாலரையைச் சொல்கிறார்கள் என்று 2017 அறிக்கை கணக்கிட்டது.

நாட்டுச் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு வளைகுடா இன்னொரு பாடம். ஐக்கிய அரபு அமீரகம் 2025 பட்டியலில் முதல் இருபத்தைந்துக்குள் இருந்தது. அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் நம் ஊர்ப்பக்கம் வளைகுடா போக விசா பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் கேட்டால், அந்த நாடு எத்தனையாவது இடம் என்று பார்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், கம்பெனி மாற விரும்பினால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் எத்தனை நாளில் ஊர் திரும்ப முடியும் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்திப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது நினைவிருக்கும். வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நாலு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் லீவு எடுக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். பெல்ஜியத்தில் அதற்கு முந்தைய வருஷம் இதைப் போலவே ஒரு சட்டம் வந்தது: முழுவார வேலையை நாலு நாளில் முடித்துக்கொள்ளலாம். அங்கே அந்தக் கோரிக்கையைத் தொழிலாளி வைக்க வேண்டும். இரண்டிலும் வார மொத்த மணிக்கணக்கு மாறவில்லை; யார் கேட்கிறார், யார் ஒப்புக்கொள்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பி அண்ட் சி மில் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது. நூறு வருஷம் தாண்டியும் பேச்சு நேரத்தைப் பற்றித்தான்.

எதிர்வீட்டு அக்காவுக்குத் திரும்புகிறேன். கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைபார்த்த பெண்கள் “பெண்கூட்டு” என்று அமைப்பாகத் திரண்டு, கழிவறை வேண்டும், உட்கார உரிமை வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது: வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும். உட்காருவதற்குச் சட்டமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை நின்றவர்கள் கேட்கவில்லை. கால் கடுப்பு, வீக்கம், நரம்புச் சுருட்டு எல்லாம் ஒருபக்கம். என் உடம்பு எப்போது உட்கார வேண்டும் என்பதைக்கூட நான் தீர்மானிக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். கராசெக்கின் இரண்டாவது கேள்வி அந்த ஸ்டூலில்தான் இருக்கிறது.

“சட்டம் வந்தப்புறம் உங்க கடைல ஸ்டூல் போட்டாங்களாக்கா?” என்று கேட்டேன்.

“போட்டாங்க. எங்க மாடில மூணு. நாங்க ஒம்பது பேர்.” ஆய்ந்த கீரையை முறத்தில் பரப்பினார். “ஃப்ளோர் மேனேஜர் நின்னுட்டிருக்கறப்ப எப்படிடா உக்கார்றதுன்னு மொதல்ல யாருமே உக்காரல. புடவைப் பெட்டி அடுக்கத்தான் ஆச்சு. அப்புறம் ஆடித் தள்ளுபடியப்ப ஒருநாள் எனக்குக் கால் வீங்கி முடியல. பெட்டியை எறக்கி வெச்சுட்டு உக்காந்துட்டேன். அவர் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. மறுநாள் பக்கத்து கவுண்டர் பொண்ணும் உக்காந்தா.”

“இப்ப?”

“இப்ப முறை வெச்சிருக்கோம். கூட்டம் இல்லாத நேரம் அரைமணிக்கு மூணு பேர். நாங்களே பேசி வெச்சுக்கிட்டது.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நாலுன்னு சொன்னேன்ல? நாலரைன்னு எழுதிக்கோ.”